கூடை கூடையா காய்ச்சிடுச்சு, இப்ப என்ன பண்றது? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "கோடைத் தோட்டம் பத்தி கேளுங்க"ன்னு ரெண்டே வரிதான் போட்டேன், கேள்வி வந்து குவிஞ்சிடுச்சு. உரம், பூச்சி, தண்ணி பத்தித்தான் கேப்பீங்கன்னு நெனச்சேன், ஆனா பாதிக்கு மேல "நல்லா காய்ச்சிடுச்சு அக்கா, சமாளிக்க முடியல"ங்கிற புலம்பல்தான். அதனால இந்த தடவை அது மட்டும். பேர் போட வேண்டாம்னு நிறைய பேர் சொன்னதால யார் பேரும் போடல.

அக்கா, ஆசைப்பட்டு பன்னெண்டு தக்காளிச் செடி வெச்சேன். பத்து நாளா தினம் நாலு கிலோ வருது. ஃப்ரிட்ஜ்ல வெச்சா ருசி போய் மாவு மாதிரி ஆயிடுது, வெளிய வெச்சா மூணாம் நாளே கசியுது. வீட்ல எல்லாரும் தக்காளின்னாலே எழுந்து போயிடறாங்க. – தக்காளியில மூழ்கிட்டிருக்கிற வாசகி

பன்னெண்டு செடியா! நாலு செடி போதும்மா ஒரு வீட்டுக்கு. சரி, வெச்சாச்சு, இப்ப பார்ப்போம்.

மொதல்ல செடியிலயே முழுசா பழுக்கட்டும்னு விடாதீங்க. அடிப்பக்கம் லேசா செவப்பு தட்டினதும் பறிச்சு, வெயில் படாத இடத்துல, காம்பு இருந்த பக்கம் கீழ வர்ற மாதிரி, ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தாம பரப்பி வைங்க. ருசி குறையுமோன்னு பயப்படாதீங்க, அந்த ஸ்டேஜ்ல பறிச்சாலும் உள்ள பழுக்கிற வேலை நடந்துட்டேதான் இருக்கும். சொல்லப்போனா வெயில் 30 டிகிரிக்கு மேல போனா செடியில இருக்கிற பழத்துக்கு செவப்பு நிறம் சரியா ஏறாது, வீட்டுக்குள்ள நிழல்ல இதைவிட அழகா பழுக்கும். இப்படி செஞ்சா நாலு கிலோவும் ஒரே நாள்ல பழுத்து கழுத்தைப் பிடிக்காது. ஃப்ரிட்ஜ் விஷயத்துல நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி, 12 டிகிரிக்குக் கீழ போனா தக்காளியோட வாசனையே செத்துடும், முழுசா பழுத்து இன்னிக்கு நாளைக்குள்ள அழுகிடும்னு இருக்கிறதை மட்டும் ரெண்டு நாளைக்கு உள்ள வைங்க, சாப்பிடறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வெளிய எடுத்து வெச்சுடுங்க.

மீதியை எப்படி சேத்து வைக்கிறதுன்னா, எனக்குப் பிடிச்ச சோம்பேறி வழி இதுதான்: கழுவி, ஈரம் துடைச்சு, காம்புக் கண்ணை மட்டும் கத்தி முனையால தோண்டிட்டு, முழுசு முழுசா கவர்ல போட்டு ஃப்ரீசர்ல தள்ளிடுங்க. வேக வைக்க வேண்டாம், தோல் உரிக்க வேண்டாம். வேணுங்கிறப்ப எடுத்து பைப்புக்கு அடியில காமிச்சு ரெண்டு விரலால லேசா ஒரு அழுத்து, தோல் சட்டையைக் கழட்டற மாதிரி தானா கழண்டுடும். பச்சையா நறுக்கி சாப்பிட ஆகாது, கொழகொழன்னு இருக்கும். கொதிக்கிற எதுல போட்டாலும் நல்லாருக்கும்.

இடம் இல்லைன்னா சாஸா சுண்ட வைக்கலாம். இங்க ஒரு சின்ன சூட்சுமம் இருக்கு, இது தெரியாம நான் ரெண்டு வருஷம் தண்ணி சாஸ்தான் செஞ்சேன். எல்லாத்தையும் வெட்டி ஒரு பெரிய பாத்திரத்துல குவிச்சு வெச்சுட்டு, மத்த வேலையெல்லாம் முடிச்சுட்டு வந்து அடுப்பு பத்த வெப்பேன், அதுக்குள்ள கீழ தண்ணி மேல சதைன்னு தனித்தனியா பிரிஞ்சிருக்கும். வெட்டின உடனே தக்காளியில இருக்கிற ஒரு நொதி (என்சைம்) அதோட பெக்டினை உடைக்க ஆரம்பிச்சுடுது, பெக்டின் போனா கெட்டித்தன்மையும் போச்சு. அதனால அடுப்புல பாத்திரம் சூடா இருக்கணும், கொஞ்சம் வெட்டி உடனே உள்ள போட்டு மசிச்சு விடணும், அது கொதிச்சதும் அடுத்த பிடி. அந்த சூடு நொதியை அடக்கிடும், சாஸ் கெட்டியா வரும். விதையைச் சுத்தி ஜெல்லி மாதிரி இருக்கு பாருங்க, அதைத் தூக்கிப் போடாதீங்க, சதையை விட ருசி அதுலதான் ஜாஸ்தி.

நான் பீன்ஸை மசாலா போட்டு வேக வெச்சு, காலி ஜாம் பாட்டில்ல சூடா ஊத்தி, இறுக்க மூடி அலமாரில வெச்சேன். ரெண்டு வாரம் கழிச்சு பார்த்தா மூடி லேசா உப்பியிருக்கு. இன்னும் திறக்கல. கெட்டிருந்தா வாசனையில தெரியும்தானே? நல்லா கொதிக்க வெச்சு சாப்பிட்டுடலாமா? – வீணாக்க மனசு வராத வாசகர்

வேண்டாம் தம்பி. திறந்து மோந்து பார்க்க வேண்டாம், நாக்குல வெச்சுப் பார்க்கவே வேண்டாம். அப்படியே ரெண்டு கவர்ல சுத்தி, குழந்தைங்க, நாய் பூனை கைக்கு எட்டாத மாதிரி குப்பையில போட்டுட்டு கையை சோப்பு போட்டுக் கழுவுங்க.

ஏன் இவ்வளவு பயமுறுத்தறேன்னா, மண்ணுல க்ளாஸ்ட்ரிடியம் போட்டுலினம்னு ஒரு பாக்டீரியா இருக்கு. தோட்டத்துக் காய்ல மண் ஒட்டாம இருக்குமா? அதோட விதை மாதிரி இருக்கிற ஸ்போர், 100 டிகிரி கொதிக்கிற தண்ணிலயும் சாகாது. வெளிய காத்து பட்டுட்டு இருக்கிற வரைக்கும் அது சும்மா கெடக்கும். காத்து போகாத, புளிப்பில்லாத, ஈரமான, ரூம் சூட்டுல இருக்கிற ஒரு இடம் கெடைச்சா முளைச்சு விஷம் கக்கும். இந்த நாலும் சேர்ந்த இடம் எதுன்னா, நீங்க இறுக்க மூடி அலமாரில வெச்ச பீன்ஸ் பாட்டில்தான். மூடி உப்பினதாலயாவது உங்களுக்குத் தெரிஞ்சது, சில சமயம் வாசனை, நிறம் எதுவுமே மாறாது.

அதனால சேத்து வைக்கிறதுக்கு முன்னாடி எந்தக் காயைப் பார்த்தும் நான் கேக்கிற ஒரே கேள்வி, "உனக்குப் புளிப்பு இருக்கா?" இதுக்கு ஒரு கோடு இருக்கு, புளிப்பை அளக்கிற பிஹெச்ங்கிற கணக்குல 4.6. அதுக்குக் கீழ, அதாவது நல்ல புளிப்பா இருந்தா அந்த ஸ்போர் முளைக்காது. பீன்ஸ், கேரட், சோளம், வெண்டை, கீரை, பூசணி எல்லாம் இந்தக் கோட்டுக்கு ரொம்ப மேல. இதையெல்லாம் பாட்டில்ல அடைச்சு வெளிய வைக்கணும்னா 116 டிகிரிக்கு மேல சூடு ஏத்துற தனி பிரஷர் கேனர் வேணும், நாம தினம் சமைக்கிற குக்கர் அதுக்கு மாற்று கிடையாது. அந்த மெஷின் இல்லாதவங்க இந்தக் காய்ங்களை ஃப்ரீசருக்கு அனுப்புங்க, இல்ல காய வைங்க, இல்ல வினிகர்ல போடுங்க.

தக்காளி இருக்கே, அது சரியா கோட்டு மேலயே உக்காந்திருக்கும், சில ரகம் இந்தப் பக்கம் சில ரகம் அந்தப் பக்கம். அதனால பாட்டில்ல போடறப்ப அரை லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் பாட்டில் எலுமிச்சை ஜூஸ், இல்ல கால் டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் கண்டிப்பா சேக்கணும். பாட்டில் ஜூஸ் எதுக்குன்னா அதுல புளிப்பு ஒரே அளவா இருக்கும், மரத்து எலுமிச்சை ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. மசிச்ச தக்காளியை மட்டும், வெங்காயம் பூண்டு எண்ணெய் எதுவும் சேக்காம, கொதிக்கக் கொதிக்க, இதுக்குன்னே விக்கிற பாட்டில்ல மேல ஒரு விரல் இடம் விட்டு ஊத்தி, புது மூடி போட்டு, தண்ணி மூடிக்கு மேல நிக்கிற மாதிரி பெரிய பாத்திரத்துல முழுக வெச்சு, அரை லிட்டர் பாட்டில்னா 35 நிமிஷம், ஒரு லிட்டர்னா 45 நிமிஷம் கொதிக்க விடணும். இது கடல் மட்டத்துக் கணக்கு, உயரமான இடத்துல தண்ணி சீக்கிரமே கொதிச்சுடும், சூடு கம்மி, அதனால நேரம் கூட்டணும்.

ஒரு உபரித் தகவல். பாட்டில்ல அடைச்சு கொதிக்க வைக்கிற இந்த வேலையைக் கண்டுபிடிச்சது நிக்கோலா அப்பேர்ங்கிற ஃப்ரெஞ்சு சமையல்காரர், 1810ல அந்த நாட்டு அரசாங்கம் அவருக்கு 12,000 ஃப்ராங்க் பரிசு குடுத்துச்சு. இது ஏன் கெடாம இருக்குன்னு அவருக்கே தெரியாது, பாஸ்டர் வந்து கிருமி கதையைச் சொல்ல இன்னும் அரை நூற்றாண்டு ஆச்சு. நமக்கு காரணம் தெரியும், அப்புறமும் ஜாம் பாட்டில்ல பீன்ஸ் போட்டா எப்படி?

இதே மாதிரி இன்னொரு கேள்வி: தோட்டத்து பேசில் (இத்தாலியத் துளசி) இலையும் பூண்டும் ஆயில்ல ஊற வெச்சு அழகான பாட்டில்ல எல்லாருக்கும் கிஃப்டா குடுக்கலாம்னு இருக்கேன், எத்தனை மாசம் தாங்கும்? – கிஃப்ட் ரெடி பண்ற வாசகி

மாசமா! ஃப்ரிட்ஜ்ல வெச்சாலே நாலு நாள்தான். மேல சொன்ன கதையேதான், எண்ணெய் காத்தை அடைச்சுடும், பூண்டுல புளிப்பு கிடையாது. ஆசையா இருந்தா இலையை நறுக்கி, எண்ணெய் கலந்து ஐஸ் ட்ரேல ஊத்தி உறைய வெச்சு, கட்டி கட்டியா கவர்ல போட்டு வைங்க. அது மாசக்கணக்கா நிக்கும். கிஃப்டுக்கு காஞ்ச மிளகாய் குடுங்களேன், பார்க்கவும் அழகா இருக்கும்.

ஃப்ரீசர்ல வெச்ச பீன்ஸ் ரெண்டு மாசத்துல புல்லு மாதிரி வாசனை, ரப்பர் மாதிரி கடி. கடையில வாங்கற ஃப்ரோசன் பீன்ஸ் மட்டும் எப்படி நல்லா இருக்கு? – கடுப்பான வாசகர்

பச்சையா அப்படியே வெச்சிருப்பீங்க, சரிதானே? ஃப்ரீசர் குளிர் காய்ல இருக்கிற நொதிங்களை மெதுவாக்கும், நிறுத்தாது. அதுங்க உள்ள உக்காந்து நிறம், மணம், ருசின்னு ஒவ்வொண்ணா தின்னுட்டு இருக்கும். ஃப்ரீசருக்குப் போறதுக்கு முன்னாடி கொதி தண்ணில ஒரு முக்கு முக்கி எடுக்கணும், ப்ளாஞ்ச் பண்றதுன்னு சொல்வாங்களே, அதுதான்.

அரை கிலோ காய்க்கு நாலு லிட்டர் தண்ணி வேணும். கஞ்சத்தனம் பண்ணா காய் போட்டதும் கொதி அடங்கிடும், ஒரு நிமிஷத்துக்குள்ள திரும்ப கொதிக்கலைன்னா காய் ஜாஸ்தின்னு அர்த்தம். திரும்ப கொதிச்ச நேரத்துல இருந்து பீன்ஸுக்கு 3 நிமிஷம். சின்ன வெண்டைக்கும் 3, பெருசுக்கு 4, வெண்டையை காம்பு மட்டும் சீவி முழுசா போடுங்க, விதையறையைத் திறந்துட்டா பாத்திரம் பூரா பிசின். பச்சைப் பட்டாணிக்கு ஒண்ணரை நிமிஷம் போதும். குடைமிளகாய், மிளகாய்க்கு இது தேவையே இல்ல. நேரம் முடிஞ்சதும் ஐஸ் தண்ணிக்கு மாத்தி அதே அளவு நேரம், அப்புறம் துணியில பரப்பி நல்லா ஈரம் போகணும். இந்த கடைசி விஷயத்துலதான் எல்லாரும் அவசரப்படறோம்.

ஈரம் போனதும் ஒரு தட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பரப்பி ஃப்ரீசர்ல ரெண்டு மணி நேரம், கல்லு மாதிரி ஆனதும் கவர்ல அள்ளிப் போட்டு காத்தைப் பிதுக்கி மூடுங்க. அப்பதான் ஒரு பிடி வேணும்னா ஒரு பிடி வரும், இல்லைன்னா செங்கல் மாதிரி ஒரே கட்டி. -18 டிகிரியில வெச்சா எட்டு மாசத்துக்குக் கவலையில்ல. சமைக்கிறப்ப ஐஸ் கரைய விடாம நேரா சூட்டுல போடுங்க. ஒரே நாள்ல பத்து கிலோவை உள்ள தள்ளாதீங்க, மெதுவா உறைஞ்சா உள்ள பெரிய பெரிய ஐஸ் துண்டா உருவாகி காயோட செல்லைக் கிழிச்சுடும், அப்புறம் வெந்தா கொழகொழதான்.

என் மானம் போன கதை ஒண்ணு சொல்லிடறேன். மொத வருஷம் ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில்ல தக்காளி சாஸை கழுத்து வரைக்கும் ஊத்தி இறுக்கி மூடி ஃப்ரீசர்ல வெச்சேன். தண்ணி உறைஞ்சா கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும்னு ஸ்கூல்ல படிச்சதெல்லாம் அப்ப ஞாபகம் வரல. காலைல திறந்தா பாட்டில் மேலிருந்து கீழ வரை ஒரே கோடா பிளந்து, செவப்பு ஐஸ்ல கண்ணாடிச் சில்லு. முழுசையும் தூக்கிப் போட்டேன், அந்த ட்ராயரை மட்டும் அரை நாள் துடைச்சேன். இப்ப ரெண்டு விரல் இடம் விடாம எதையும் ஊத்தறதில்ல.

சுரைக்காய் கசக்குது. உப்புல பிசறி வெச்சு பிழிஞ்சா கசப்பு போயிடுமா?

போகாது, சாப்பிடாதீங்க. வெள்ளரி, சுரை, சுக்கினி குடும்பத்துல குக்குர்பிட்டாசின்னு ஒரு நஞ்சு உண்டு, கசப்பே அதுதான். வேக வெச்சாலும் போகாது, வாந்தி பேதின்னு ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போயிடும். வெள்ளரியில காம்புப் பக்கம் மட்டும் லேசா கசந்தா அந்தப் பக்கம் தாராளமா வெட்டிப் போட்டுட்டு மீதியை ருசி பாருங்க, வெயில்லயும் தண்ணி பத்தாமலும் செடி வாடறப்ப அப்படி வரும். சுரையும் சுக்கினியும் கசந்தா முழுசும் குப்பைக்கு. சமைக்கிறதுக்கு முன்னாடி பச்சையா ஒரு சின்னத் துண்டு நாக்குல வெச்சுத் துப்பிப் பார்க்கிறதை பழக்கமாக்கிக்குங்க. கசந்த காயோட விதையை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்காதீங்க, ப்ளீஸ்.

வெள்ளரிக்காயை உப்புத் தண்ணில ஊறப் போட்டேன். நாலாம் நாள் மேல வெள்ளையா ஆடை, தண்ணி கலங்கிடுச்சு, காய் சொதசொத. கூடப் போட்ட பூண்டு நீலமா மாறிடுச்சு! பயத்துல எல்லாத்தையும் கொட்டிட்டேன். – பயந்துபோன வாசகி

பாவம், பாதி பயம் தேவையில்லாதது. தண்ணி கலங்கினது நல்ல சகுனம்மா, புளிக்க வைக்கிற பாக்டீரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம், குமிழி வர்றதும் அதனாலதான். பூண்டு நீலமாகறது அதுல இருக்கிற கந்தகம் புளிப்போட சேர்ந்து போடற வேஷம், ஒண்ணும் பண்ணாது. ஆடை மட்டும் பார்த்து முடிவு பண்ணணும்: தட்டையா, வெள்ளையா, பால் ஆடை மாதிரி இருந்தா வழிச்சுப் போட்டுட்டு தொடரலாம். பஞ்சு மாதிரி முடி முடியா, பச்சை கருப்பு நிறத்துல இருந்தா அது பூஞ்சணம், கொட்டிட வேண்டியதுதான்.

சொதசொதன்னு ஆனதுக்குக் காரணம் அனேகமா காயோட பூ முனை. பூ உதிர்ந்த அந்த நுனியில காயை மெத்துன்னு ஆக்கற நொதி இருக்கு, ஒரு மெல்லிசு வட்டமா சீவித் தள்ளிடுங்க. எது காம்பு எது பூ முனைன்னு குழப்பமா இருந்தா ரெண்டு பக்கமும் சீவுங்க, ஒண்ணும் குறைஞ்சு போகாது. பறிச்ச அன்னிக்கே போடுங்க, பிஞ்சா போடுங்க, மஞ்சள் தட்டினது வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் உப்பு, இதைக் கண்ணளவுல போடாம தராசுல நிறுத்துப் போடுங்க. காய் தண்ணிக்கு மேல தலையை நீட்டக்கூடாது, ஒரு சின்ன கண்ணாடித் தட்டை வெச்சு அமுக்குங்க. ரூம் ரொம்ப சூடா இருந்தா சீக்கிரம் புளிச்சு மெத்துன்னு ஆயிடும், 20 டிகிரியைச் சுத்தி இருக்கிற இடம்தான் அதுக்குப் பிடிக்கும்.

காத்திருக்க பொறுமை இல்லையா, வினிகரும் தண்ணியும் சம அளவு, கொஞ்சம் உப்பு, சக்கரை போட்டு கொதிக்க வெச்சு, நறுக்கின வெள்ளரி மேல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வைங்க. ரெண்டு நாள்ல சாப்பிடலாம். வினிகர் 5 சதவீதமான்னு லேபிள்ல பார்த்து வாங்குங்க, புளிப்பு ஜாஸ்தின்னு தண்ணி கூட்டாதீங்க, வேணும்னா சக்கரை கூட்டுங்க.

தக்காளியும் கத்தரியும் வெயில்ல காய வெச்சு டப்பால போட்டேன், பத்து நாள்ல பூஞ்சணம். நல்லா காஞ்சதுக்கு அப்புறம்தான் போட்டேன், சத்தியமா.

மேல காஞ்சிருக்கும், உள்ள காஞ்சிருக்காது. எல்லாத் துண்டும் ஒரே கனத்துல, அரை செண்டிமீட்டர் போல வெட்டணும், கனமும் மெல்லிசும் கலந்தா மெல்லிசு மொறுமொறுன்னு ஆறப்போ கனத்துல ஈரம் ஒளிஞ்சிருக்கும். ட்ரையர்ல போடறவங்க சீக்கிரம் ஆகட்டும்னு சூட்டை ஏத்தினாலும் இதே கதி, வெளிப்பக்கம் ஓடு மாதிரி இறுகி உள்ள தண்ணி மாட்டிக்கும், 60 டிகிரி போதும். வெயில்னா காத்தும் காஞ்ச காத்தா இருக்கணும், புழுக்கமா இருந்தா வெயில் எவ்வளவு அடிச்சாலும் வேலைக்காகாது. ராத்திரி உள்ள எடுத்துடுங்க, பனி திரும்ப ஈரத்தை ஏத்திடும்.

காஞ்சுதான்னு எப்படித் தெரியும்? கத்தரி, பீன்ஸ் ஒடிச்சா டக்குன்னு ஒடியணும். தக்காளி, தோல் செருப்பு மாதிரி வளையணும், கிழிச்சா உள்ள ஈரம் மினுங்கக்கூடாது. சூடு ஆறினதும் கண்ணாடி ஜாடில முக்கால்வாசிக்குக் கொஞ்சம் கம்மியா நிரப்பி மூடி, ஒரு வாரம் தினம் ஒரு குலுக்கு குலுக்கி வைங்க. கண்ணாடியில லேசா முத்து கட்டினா திரும்ப வெயிலுக்கு. ஒரு வாரம் தாண்டியும் கண்ணாடி காஞ்சு இருந்தா தைரியமா சேத்து வைக்கலாம். வெயில்ல காஞ்சதை கடைசியா 2 நாள் ஃப்ரீசர்ல வெச்சு எடுத்தா பூச்சி முட்டையும் செத்துடும்.

வெண்டைக்காய் வதக்கினா கொழகொழ, கீரை வேக வெச்சா காக்கி கலர். கை ராசியா?

ராசியெல்லாம் இல்ல, ஈரமும் புளிப்பும்தான். வெண்டையைக் கழுவி துடைச்சு முழுசா காஞ்சப்புறம் நறுக்குங்க, அகலமான சட்டியில, நல்ல சூட்டுல, நெருக்காம, மூடாம வதக்குங்க, உப்பு கடைசியில. கீரைக்கு மூடி போடாதீங்க, இலையில இருந்து வர்ற புளிப்பு ஆவியோட வெளிய போகட்டும், அதுதான் பச்சையைக் காக்கியாக்கறது. ஏழெட்டு நிமிஷத்துக்கு மேல வேக விடாதீங்க, எலுமிச்சை பிழியறதா இருந்தா அடுப்பை அணைச்சுட்டு. சோடா உப்பு போட்டா பச்சை நிக்கும்தான், ஆனா கீரை கூழாயிடும்.

ரெண்டு கிலோ மிளகாய் வெறுங்கையால கீறினேன். கை எரியுது, தண்ணில கழுவிட்டே இருக்கேன்.

தண்ணியை நிறுத்துங்க, அந்தக் காரம் தண்ணில கரையாது. சமையல் எண்ணெய் தேய்ச்சு, பாத்திரம் கழுவற சோப்பு போட்டு கழுவுங்க, ரெண்டு மூணு தடவை. கண்ணைத் தொடாதீங்க. அடுத்த தடவை க்ளவுஸ்.

தோட்டம் முழு காய்ப்புல இருக்கு, ரெண்டு வாரம் ஊர்ல இருக்க மாட்டோம். தண்ணி ஊத்த ஆள் ஏற்பாடு பண்ணிட்டேன், காய்ங்களை என்ன பண்ண? – கிளம்பற அவசரத்துல இருக்கிற வாசகி

கிளம்பறதுக்கு முந்தின நாள் தயவு தாட்சணியம் பார்க்காம எல்லாத்தையும் பறிங்க, விரல் அளவு வெள்ளரி, பிஞ்சு பீன்ஸ் உட்பட. பீன்ஸ், வெண்டை, வெள்ளரி, சுக்கினி எல்லாம் காய் முத்தி விதை வெச்சுட்டா வந்த வேலை முடிஞ்சதுன்னு காய்ப்பைக் குறைச்சுடும். பிஞ்சா இருக்கிறதை ப்ளாஞ்ச் பண்ணி ஃப்ரீசர்ல போடுங்க, இல்ல தண்ணி ஊத்த வர்றவங்களுக்குக் குடுங்க, "தினம் பறிச்சு நீங்களே எடுத்துக்குங்க"ன்னும் சொல்லிடுங்க, அவங்களுக்கும் சந்தோஷம் செடிக்கும் சந்தோஷம். லேசா நிறம் மாற ஆரம்பிச்ச தக்காளியை ஒரு அட்டைப் பெட்டியில பேப்பர் விரிச்சு பரப்பிட்டுப் போங்க, வர்றப்ப செவந்திருக்கும், கூட வாழைப்பழம் மட்டும் வெச்சுடாதீங்க, அது சீக்கிரம் பழுக்க வெச்சு நீங்க வர்றதுக்குள்ள அழுக விட்டுடும்.

வந்ததும் மொத வேலையா சுக்கினிச் செடியோட இலையை விலக்கிப் பாருங்க. யார் பறிச்சாலும் அடியில ஒண்ணு முழங்கை நீளத்துக்கு ஒளிஞ்சிருக்கும். நடுவுல இருக்கிற பஞ்சையும் விதையையும் வழிச்சுப் போட்டுட்டு, துருவி, பிழிஞ்சு, ஒரு கப் ஒரு கப்பா கட்டி ஃப்ரீசர்ல வைங்க. துருவறதுக்கு முன்னாடி கசக்குதான்னு ஒரு துண்டு பார்த்துடுங்க.